எலுமிச்சம்பழம் பிழிந்தவள்

அம்பத்தூரில் குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் பிறந்தவர்கள் நாம். கள்ளிக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்ததும், ராட்டினம் கீச்சிடும் சத்தத்தில்தான் பொழுது விடியும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. என் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நீ அப்போ சின்னப் பொண்ணுதானேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பத்து வயதில் நமக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது நமக்குத்தானே தெரியும்.

ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மிஷன் பிரைமரி ஸ்கூல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே நீளமான கொட்டகையைத் தட்டி வைத்து ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் எங்கள் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்வார். காலையில் ஜெபம், பாட்டு. எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வருகிற நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வேன். அதில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

அந்த வருஷம் பொங்கல் லீவு முடிந்து போனால், எங்கள் அறிவியல் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். மூன்று மாதத்துக்கு என்று ஒருவர் புதிதாக வந்தார். பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வருவார். ஒல்லி. எண்ணெய் வைக்காத தலை. தோளில் ஜோல்னாப் பை, அதற்குள் கழுவித் துடைத்த காலி ஊறுகாய் பாட்டில்கள். நடந்தால் கிணிங் கிணிங் என்று சத்தம் கேட்கும். 'டீச்சர்' என்றே சொல்லிப் பழகிய எங்களுக்கு அவர் 'மிஸ்' ஆனார்.

முதல் நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஆதாமைக் கடவுள் எதுக்குத் தோட்டத்துல வெச்சார்?" என்று கேட்டார்.

"பழம் துன்றதுக்கு மிஸ்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார்.

"அதுவும்தான். ஆனா முக்கியமா காவலுக்கு. தோட்டம் அவனோடது இல்லை, அவன் காவக்காரன். நம்ம எல்லாருமே காவக்காரங்கதான். சரி வாங்க, நம்ம தோட்டம் எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

தோட்டம் என்றால் என்ன, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலமும், உடைந்த சிலேட்டும், சத்துணவுச் சாம்பலும் கிடந்த இடம். அங்கே ஒரு குழி தோண்டி வாழையிலை, காகிதம், பழந்துணி, ஒரு பால் கவர், நாலையும் புதைத்தோம். ஒரு மாதம் கழித்துத் தோண்டியபோது இலையைக் காணோம். காகிதம் கூழாகியிருந்தது. துணியைப் புழு அரித்திருந்தது. பால் கவர் மட்டும் புதுசாக, மேலே அச்சடித்த எழுத்துகூட அழியாமல் இருந்தது. "இது நம்ம பேரப் பிள்ளைங்க காலத்துலயும் இப்படியே இருக்கும்" என்றார் மிஸ். பழம் துன்றதுக்கு என்று சொன்னவன் அதைக் கழுவி டிராயர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பேரனுக்குக் காட்டப்போகிறானாம்.

மாசி மாத வெயிலில்தான் செம்பருத்தித் தாள் செய்தோம். சர்ச் மதிலோரம் செம்பருத்தி பூத்துக் கிடந்தது. இதழ்களைச் சத்துணவு ஆயாவின் அடுப்பில் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் ஒற்றுத்தாளை நனைத்துக் காயப்போட்டோம். கத்தரிப்பூ நிறத்தில் காய்ந்தது. எல்லார் விரலும் ஊதா. மிஸ் அதைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கு நாலு கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றில் தொட்டால் ரோஸ். சோப்புத் தண்ணீரில் தொட்டால் பச்சை. நல்ல தண்ணீரில் தொட்டால் மாறாது. புளிப்பா, காரமா, இரண்டும் இல்லையா என்று பூவே சொல்லிவிடும். அந்த ஒரு வாரம் வீட்டில் மோர், ரசம், துணி துவைத்த தண்ணீர் என்று எதையும் நாங்கள் விட்டு வைக்கவில்லை.

பிறகு மிஸ், எல்லாரும் அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொன்னார்.

முப்பது பாட்டில்களுக்கு மேல் ஜன்னல் கட்டையில் வரிசையாக நின்றன. ஒவ்வொருவராகப் போய்த் தாளைத் தொட்டோம். யாருடையதும் மாறவில்லை. கடைசியில் என் பக்கத்து சீட்டுக்காரி போனாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்சு. என் தட்டில் அவள் சாப்பிடுவாள், அவள் ஜாமெட்ரி பாக்ஸில் என் பென்சில் இருக்கும். அவள் தாளைத் தொட்டதும் அது பளிச்சென்று ரோஸ் ஆனது. எலுமிச்சைச் சாற்றில் தொட்ட மாதிரியே.

மிஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

"இது எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"எங்க ஊட்டுத் தண்ணி ரொம்ப நாளா இப்டித்தான் மிஸ். டீ போட்டா பால் திரிஞ்சி பூடும். எங்கம்மா டெய்லி பால்காரன்கூட சண்டை. அவன்தான் இன்னாமோ கலக்கறான்னு."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கில் சின்னச் சின்னப் புண்கள். நான் தினமும் பார்க்கிற கைதான். அதைச் சொறி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை மிஸ் எங்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். கள்ளிக்குப்பத்தின் கோடியில் ஓட்டு வீடு. அவளுடைய அம்மா இடுப்பில் ஆறு மாதத் தம்பிப் பாப்பாவோடு வந்து, எங்களை உள்ளே வரச் சொன்னார். மிஸ் கிணற்றை எட்டிப் பார்த்தார். தாள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "திங்கட்கிழமை புதுசா செஞ்சு கொண்டாந்து இங்கேயே பார்க்கறேன்மா. அதுவரைக்கும் இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க" என்றார். அந்த அம்மா பயந்துபோய், மெயின் ரோட்டு அடிபம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அரை மைல் நடக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போனது. அதன் கரை முழுக்க மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கரையில் ஒரு புல் இல்லை. மிஸ் அதைப் பார்த்துக்கொண்டே மேலே நடந்தார். நாங்கள் பின்னால். கால்வாய் ஒரு மதிலில் இருந்த ஓட்டையில் போய் முடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் பைக் பம்பருக்கும் முலாம் பூசுகிற பிளேட்டிங் பட்டறை. முன்பக்கமாகச் சுற்றிப் போனோம். ஷட்டர் திறந்திருந்தது. மூக்கைக் குத்துகிற புகை. உள்ளே தொட்டிகள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மிஸ், இதான் எங்க நைனா வேலை செய்யற கம்பெனி!" என்றேன்.

மிஸ் சட்டென்று நின்றார். "இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?" என்று மெதுவாகக் கேட்டார். திரும்பிவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் தோளில் கை வைத்து வந்த வழிக்கே திருப்பினார். ஆனால் அதற்குள் நைனா என்னைப் பார்த்துவிட்டார். முழங்கால்வரை கம்பூட், கையில் ஓட்டை விழுந்த ரப்பர் கையுறை, ஹேண்டில்பார் தொங்குகிற கம்பியைத் தொட்டியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். நைனா ஆட்டவில்லை.

முதலாளி வெளியே வந்தார். சர்ச் கமிட்டியில் இருப்பவர், கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் கொடுப்பவர். மிஸ்ஸைப் பார்த்து, "என்ன டீச்சர், பிள்ளைங்களோட பிக்னிக்கா?" என்று கேட்டார்.

"தண்ணி எங்கேயிருந்து எங்கே போகுதுன்னு காட்டறேன் சார். சயின்ஸ் பாடம்."

"காட்டுங்க, காட்டுங்க" என்றவர் குனிந்து என்னைப் பார்த்தார். "நீ நம்மாளு பொண்ணுல்ல?" நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் நைனா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நான் அடி விழும் என்றுதான் போனேன். அவர் அடிக்கவில்லை. என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்துகொண்டார். மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்தப் பட்டறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் மூக்கில் ரத்தம் வரும், அதைச் சூடு என்பார்கள்.

"கண்ணு, அந்த டீச்சரு மனு கினு எழுதிப் போடப் போறாங்களாமே?"

"தெரியாது நைனா."

"மொதலாளி கூப்ட்டு அனுப்பினாரு. பட்டறைய மூடிட்டா பதினாலு ஊட்ல ஒல வெக்க முடியாது. நம்ம ஊடும் சேத்துத்தான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒண்ணு சொல்லணும். நாந்தான் வெளையாட்டுக்கு அவ பாட்டில்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்னு சொல்லணும். அவ்ளோதான். சின்னப் புள்ள பண்ணதுன்னு வுட்ருவாங்க."

"நான் பிழியலையே நைனா."

"எனக்குத் தெரியும்டா கண்ணு. நைனாவுக்கு ஒரு ஒத்தாச பண்ணு."

அவர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. பெரியவர்கள் நம்மைச் செய் என்பார்கள், செய்யாதே என்பார்கள். கெஞ்சமாட்டார்கள். கெஞ்சுகிற நைனாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் போனால் போதும் என்றுதான் சரி என்றேன்.

திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும் பெரிய டீச்சர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சர்ச் சார்பில் பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிஸ் சுவரோரம் நின்றிருந்தார், கையில் புதிதாகச் செய்த தாள்கள். பக்கத்து சீட்டுக்காரியையும் நிற்க வைத்திருந்தார்கள்.

"பயப்படாம உண்மையைச் சொல்லும்மா" என்றார் கரஸ்பாண்டன்ட் ஐயா.

சொன்னேன். நைனா சொல்லிக்கொடுத்த வார்த்தையை அப்படியே.

என் பக்கத்து சீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, என்ன பேசுகிறேன் என்றே புரியாத முகம்.

மிஸ் என் முன்னால் வந்தார். "எப்போ பிழிஞ்சே?"

"பிரேயர் நேரத்துல மிஸ்."

"பிரேயர்ல நீ முதல் வரிசையில நின்னியேடா."

நான் பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டேயிருந்தேன். அவர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்து அழுதிருப்பேன். எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவருக்கும் அது தெரிந்தது. என் விரல்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஐயா, அந்தக் கிணத்துக்குப் போய் இப்பவே மறுபடி பார்த்துடலாம். பத்து நிமிஷம்தான்" என்றார்.

"குழந்தையே ஒத்துக்கிட்ட பிறகு என்ன டீச்சர்? பூவுல நனைச்ச காகிதத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது" என்றார் அவர். பெரிய டீச்சர் தலையைக் குனிந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த எங்கள் கூரையை அந்தக் கோடை லீவில் மாற்றித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. கூரையை மாற்றவும் மாற்றினார்கள்.

மிஸ் ஏன் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன். என் மேல் இரக்கப்பட்டார். நைனா வேலை செய்யும் இடம் அவருக்குத் தெரியும். பத்து வயதுப் பெண்ணை அப்பாவுக்கு எதிராக நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு அவர் என்னிடம் இரக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

வகுப்புக்குத் திரும்பினோம். பக்கத்து சீட்டுக்காரி தன் பையை எடுத்துக்கொண்டாள். "நீ என் பாட்டில தொடவே இல்ல" என்று சொல்லிவிட்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முடியும்வரை என்னோடு அவள் பேசவில்லை.

பெரிய டீச்சரே ஆள் அனுப்பி அவளுடைய அம்மாவை வரவழைத்து, நடந்தது இதுதான், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகையில் அந்த அம்மா தெருமுனையில் என்னைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் பாப்பா. திட்டுவார் என்று நினைத்தேன். என் கன்னத்தைக் கிள்ளி, "அடிப்பாவி! ரெண்டு நாளா கொழந்தையயும் கொடத்தையும் சொமந்துகினு நடந்து நடந்து என் இடுப்பே ஒடிஞ்சிபோச்சு. நீ பண்ண வேலையா?" என்று சிரித்தார். உண்மையாகவே சந்தோஷமாகச் சிரித்தார். "ஊட்டுக் கெணறு கெட்டுப்போச்சுன்னா நான் எங்கடி போவேன்? வயித்துல பால வார்த்த" என்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரிவிளங்காய் உருண்டை ஒன்றை என் கையில் வைத்தார். பாப்பா என் ரிப்பனைப் பிடித்து இழுத்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் உருண்டை இருந்தது. தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மிஸ்ஸை அந்த வார வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். போகும்போது என்னிடம் மட்டும் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் சொன்ன மாதிரி எனக்கும், "நல்லா படிக்கணும்" என்று தலையைத் தொட்டுவிட்டுப் போனார். வாசலில் கிணிங் கிணிங் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அவர் எங்கே போனார், பிறகு என்ன ஆனார் என்று நான் விசாரிக்காத இடமில்லை. ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போனபோது பக்கத்து சீட்டுக்காரியும் அங்கே சேர்ந்திருப்பாள் என்று தேடினேன். வரவில்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கோவில்பதாகை பக்கம் போய்விட்டார்கள் என்று என் அம்மா சொன்னாள். லீவில் தம்பிப் பாப்பா இறந்துபோயிருந்தது. வாந்தி, பேதி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அம்மா இதை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். நைனா வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

தண்ணீர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் வேறு வீடுகளிலும் பேதி இருந்தது. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

நைனா அந்தப் பட்டறையில் இன்னும் பல வருஷம் இருந்தார். மூக்குத்தண்டில் உள்ளே ஓட்டை விழுந்து, பேச்சு விசில் மாதிரி ஆனது. கடைசியில் நுரையீரல் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் மட்டும் அவரிடம் கேட்டேன். "பதினாலு குடும்பம் கண்ணு" என்றார். "அந்தத் தண்ணியிலேயே கைய வெச்சிகினு கெடந்தேன் நான். எனக்கு ஒண்ணும் ஆவலியேன்னு நெனச்சேன்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் வகுப்பில் படித்த ஒருவர் மூலம் பக்கத்து சீட்டுக்காரியின் விலாசம் கிடைத்தது. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார், பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, இனி யாருக்கு என்ன நஷ்டம், உண்மையைச் சொல்லி அந்த அம்மாவின் காலில் விழுந்துவிடலாம் என்று கிளம்பினேன். கோவில்பதாகையில் பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள் என்னை உடனே கண்டுகொண்டாள். தலை பாதி நரைத்திருந்தது. "வா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே கட்டிலில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது, கண் சரியாகத் தெரியவில்லை. கைகளில் பழைய வடுக்கள். யார் என்று மகள் காதருகே சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஏய், எலுமிச்சம்பழமா? வாடி இங்க!" என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாள் என்ன நடக்க வெச்சாளே இவ! நெனச்சி நெனச்சி சிரிப்பேன் போ. அந்த வருசந்தான் என் புள்ள போனான். அவன் ஆயுசு அவ்ளோதான். அவன் இருந்த நாளுன்னு நெனச்சா, ஒன் கூத்துதான் மொதல்ல ஞாபகம் வரும். அன்னிக்கி ஒன் ரிப்பனப் புட்ச்சி இஸ்த்தான் பாரு."

நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த மகள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. நான் நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது அவள் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். பாதி வழி வந்திருப்போம். அவளாகவே சொன்னாள். "கடைசி நாள் மிஸ் எங்க ஊட்டுக்கு வந்தாங்க, தெரியுமா? குடிக்காதீங்கம்மான்னு அவ்ளோ தூரம் சொன்னாங்க. எங்கம்மா சரிங்க சரிங்கன்னு மோர் குடுத்து அனுப்பிச்சிட்டு, பாவம், வேலை போன வருத்தத்துல பேசுதுன்னாங்க. அப்புறம் தெனமும் அந்தத் தண்ணியிலதான் தம்பிக்குக் கஞ்சி வெச்சி ஊட்டினாங்க. அவங்க கையாலயே. இப்போ போயி நீ உண்மைய சொன்னா, ஒன் பாரம் எறங்கிடும். அவங்களுக்கு?"

நிறுத்தம் வந்துவிட்டது. நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"நான் ஒன்ன மன்னிச்சி ரொம்ப நாளாச்சு. நீ அதுக்குத்தான வந்தே? ஆனா அவங்ககிட்ட கேக்காத. அத நீயே வெச்சிக்க." பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள். "அப்பப்போ வா. ஒன்னப் பாத்தா அவங்க சிரிக்கறாங்க. வேற எதுக்கும் சிரிக்கறதில்ல."

மாதம் ஒருமுறை போகிறேன். ஆரஞ்சுப் பழமோ பிரெட்டோ வாங்கிக்கொள்வேன். என் குரல் கேட்டதும் அந்த அம்மா கட்டிலில் நகர்ந்து இடம் கொடுக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு, அடிபம்புக்கு நடந்த அந்த இரண்டு நாள் கதையை முதலிலிருந்து சொல்கிறார். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.